நிப்பாட்டின ரயில் வேகன்ட கை பிரேக் தானா கழராம இருக்க என்ன செய்யணும்: யார்ட்டுக்கு புதுசா வாறவங்களுக்கு முழு வழிகாட்டி

கை பிரேக் போடுறத ஒரே நாள்ல பழகிடலாம். ஆனா போட்டுட்டு வந்த பிரேக் விடியும் வரைக்கும் அப்பிடியே நிக்குமா எண்டது வேற வேலை, அதத்தான் ஒருத்தரும் உக்காத்தி வெச்சு சொல்லித் தாறதில்ல. கொழும்புப் பக்கம் சைடிங்ல (வேகன ஒதுக்கி விடுற பக்க லைன்ல) புதுப் பொடியன்களோட வேலை செய்யேக்க திரும்பத் திரும்ப அதே இடத்துலதான் தடுக்கி விழுறாங்க, அதால முறையா எழுதி வைக்கிறன்.

போட்ட பிரேக் கழருற வழி கொஞ்சம்தான். லீவரப் பூட்டுற பின் முழுசா உள்ள போகாம நுனியில தொங்குறது, இறுக்கம் காணாம அதிர்வுல இளகுறது, லோட் மாறியோ சூடான சில்லு ஆறியோ பிடி குறையிறது, கடைசியா வேற ஒருத்தர் தெரியாம தட்டிவிடுறது. கீழ இருக்கிற ஒவ்வொரு படியும் இதுல ஏதோ ஒண்ட அடைக்கத்தான், அதால ஒழுங்க மாத்த வேணாம்.

ஒண்டு மட்டும் முதல்லயே சொல்லிடுறன். எத்தின வேகனுக்கு பிரேக் போடணும், எங்க ஆப்பு வைக்கணும் எண்டு உங்கட ரூல் புக்கும் அந்த ஸ்டேஷன்ட உத்தரவும் சொல்லும். அதவிடக் கூட செய்யலாம், இத வாசிச்சிட்டு அதக் குறைக்க ஏலாது.

1. லைனுக்கு இறங்க முந்தி கையில இருக்க வேண்டியது

டோர்ச், கையுறை, மர ஆப்பு ரெண்டு சோடி, மேலதிக பின் ரெண்டு மூண்டு, கம்பி பிரஷ், சங்கிலியும் ஆமைப்பூட்டும், எழுதிக் கட்டுற அட்டை, மழைக்கு அழியாத பேனை. பகல் வேலையெண்டாலும் டோர்ச் வேணும், ஏனெண்டா சில்ல அமத்திப் பிடிக்கிற பிரேக் கட்டை இருக்கிறது வேகனுக்கு அடியில, அங்க நடுப்பகல்லயும் இருட்டுத்தான்.

மேலதிக பின் எதுக்கு எண்டு கேப்பீங்க. பழைய வேகன்கள்ல சங்கிலியில தொங்குற பின்ன அனேகமா காணக் கிடைக்காது, எவனோ ஒரு முறை வளைச்ச ஆணியையோ வெல்டிங் கம்பித் துண்டையோ செருகி விட்டிருப்பான், அது அப்பிடியே பரம்பரையா இருக்கும். அந்தக் கம்பி ஓட்டையவிட மெல்லிசு, ஆடும், ஆடி ஆடி வெளிய வரும். கடல் காத்துல கறள் வேற சீக்கிரம் பிடிக்கும், வெளிய தடிப்பாத் தெரியிற பின் நடுவுல தேஞ்சு போயிருக்கும். அதால கண்டா கழட்டி எறிஞ்சிட்டு அளவான பின்னப் போடுங்க.

உடுப்பையும் பாருங்க. வெளிய விட்ட சேர்ட், தொங்குற லேஞ்சி, பையில இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற போன் வயர் எல்லாம் லீவர்ல மாட்டும். உங்களுக்கும் ஆபத்து, பிரேக்கும் கழரும்.

2. எந்த இடத்துல நிப்பாட்டுறம் எண்டத முதல்ல முடிவெடுங்க

யார்ட் சமதரை மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா கண் சொல்றத நம்பேலாது. கணக்கு லேசு. 400க்கு 1 சரிவுல ஒரு டொன்னுக்கு 2.5 கிலோ இழுவை வரும், அப்ப 40 டொன் வேகன் ஒண்ட 100 கிலோ அளவுல கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். 100க்கு 1 சரிவெண்டா அது 400 கிலோ. மலைநாட்டு லைன் ஏத்தம் மாதிரி 44க்கு 1 எண்டா 900 கிலோவத் தாண்டும், இது ஒரே ஒரு வேகனுக்கு. இந்தியாவுல ஸ்டேஷன் யார்ட் 400க்கு 1க்கு மேல செங்குத்தா இருக்கக் கூடாது எண்டு வெச்சிருக்கிறது சும்மா இல்ல. ரோலர் பெயாரிங் போட்ட வேகன் பழைய பெயாரிங் வேகனவிட லேசா உருளத் தொடங்கும், ஒரு சின்னச் சரிவே அதுக்குக் காணும்.

அதால சரிவு எந்தப் பக்கம் எண்டு அந்த யார்ட்ல பழைய ஆக்கள்ட கேட்டு வெச்சுக்கொள்ளுங்க. மெயின் லைன் பக்கம் உருண்டு போகாம தடுக்க ட்ரெப் பொயின்ட்ஸ் (உருண்டு வாற வேகன தண்டவாளத்த விட்டு இறக்கிற அமைப்பு) இருக்கிற லைன் கிடைச்சா அதுலயே விடுங்க. லெவல் குரோசிங்குக்குக் கிட்ட விட வேணாம், பக்கத்து லைன்ல வாற கோச்சிக்கு இடிபடுற எல்லைக்குள்ளயும் விட வேணாம். லைன் மாத்துற பொயின்ட்ஸ பக்க லைனுக்குத் திருப்பி பூட்டி வைக்கிறதும் இந்த நேரத்துலயே யோசிக்கணும், எஞ்சின் போன பிறகு யோசிச்சு வேலையில்ல.

3. எஞ்சின் மாட்டியிருக்கேக்கயே தொடங்குங்க

புதுசா வாறவங்க விடுற பெரிய பிழை இது. எஞ்சினக் கழட்டி அனுப்பிட்டு, வெக்குவம் பிரேக் பிடிச்சிருக்குத்தானே எண்டு ஆறுதலா நடந்து போய் கை பிரேக் போடுவாங்க. அந்த நேரம் முழுக்க வேகன்கள பிடிச்சுக்கொண்டு இருக்கிறது கசியிற ஒரு சிலிண்டர்.

வெக்குவம் பிரேக் எப்பிடி பிடிக்குது எண்டு தெரிஞ்சா பயம் தானா வரும். பைப்ப திறந்தா வெளிக்காத்து பிஸ்டனுக்குக் கீழ போகும், மேல வெக்குவம் இருக்கிறதால பிஸ்டன் மேல ஏறி பிரேக்க இழுக்கும். மேல் அறையில இருக்கிற வெக்குவம் என்றைக்கும் நிக்காது, ரப்பர் வளையத்தால கொஞ்சம் கொஞ்சமா காத்து போய் ரெண்டு பக்கமும் சமனாகிடும், பிஸ்டன் தன்ட பாரத்துலயே கீழ இறங்கும், பிரேக் கழண்டிடும். சில வேகன்ல மணிக்கணக்கா நிக்கும், சில வேகன்ல தேத்தண்ணி குடிச்சிட்டு வாறதுக்குள்ள இறங்கிடும். வெளிய இருந்து பாத்து எது எப்பிடி எண்டு சொல்லேலாது. எயார் பிரேக் வேகனும் அப்பிடித்தான், கசிவு இல்லாத பைப் எண்டு ஒண்டு கிடையாது.

அதால எஞ்சின் பிடிச்சிருக்கேக்க, ட்ரைவர்ட சொல்லிட்டு, வேகனுக்கிடையில உள்ள இடைவெளி எல்லாம் சரிவுப் பக்கமா ஒண்டுசேர்ந்த பிறகு, கீழ்ப்பக்கத்து வேகன்ல இருந்து பிரேக் போட்டுக்கொண்டு வாங்க. கீழ இருக்கிறது முதல்ல நிண்டாத்தான் மேல இருக்கிறது அதுல சாஞ்சு நிக்கும். மேல இருந்து தொடங்கினா கீழ் வேகன்கள் பிறகு இழுபட்டு, போட்ட பிரேக்க ஒரு உலுக்கு உலுக்கும்.

4. உங்கட கையில இருக்கிறது எந்த வகை பிரேக்?

எல்லா பிரேக்கும் ஒரே மாதிரி கழராது, அதால வகைக்கு வகை பாக்க வேண்டிய இடம் வேற.

பக்கத்துல நீட்டு லீவர் இருக்கிறது. கீழ அமத்தி, ஓட்டை ஓட்டையா இருக்கிற இரும்புப் பட்டியில பின் போடுறது. இதுல வாற பிழை எப்பவும் பின்தான். லீவர ஒரு கையால அமத்திக்கொண்டு மற்றக் கையால பின் செருகேக்க ஓட்டை அரைவாசிதான் நேருக்கு வந்திருக்கும், பின் நுனி மட்டும் போய் நிக்கும், லீவர விட்டவுடன அந்த அமுக்கத்துல பின் இறுகி நிக்கிறதால சரி எண்டு நினைச்சிடுவம். பக்கத்து லைன்ல ஒரு கோச்சி போற அதிர்வு காணும் அது குதிச்சு வாறதுக்கு. பின் மற்றப் பக்கத்தால வெளிய தெரியணும், விரலால தடவிப் பாருங்க. அரை ஓட்டையில நிக்குதெண்டா அடுத்த ஓட்டைக்கு இறுக்கிப் போடுங்க, ஒரு ஓட்டை மேல விட்டுக் குடுக்க வேணாம். லீவர்ல ஏறிக் குதிச்சு இறுக்கிற பழக்கமும் இருக்கு, லீவர் வழுக்கி ஆள் விழுந்து முழங்கால் போனதுதான் மிச்சம். உடம்புப் பாரத்த நேரா வெச்சு சாஞ்சு அமத்தினா காணும்.

சில்லு மாதிரி சுத்துற ஸ்குரூ பிரேக். கார்ட் வேன்லயும் (கார்ட் ஏறி வாற பெட்டி) சில பெட்டிகள்லயும் இருக்கும். சுத்தி முடிஞ்சுது எண்டு நினைக்கிற இடத்துக்குப் பிறகும் கொஞ்சம் போகும், ஏனெண்டா முதல் சுத்துகள் எல்லாம் இடைவெளிய எடுக்கத்தான் போகுது. ஸ்குரூல கிறீஸ் காஞ்சு மண் ஏறியிருந்தா கை கனக்கும், அந்தக் கனத்த இறுக்கம் எண்டு நினைச்சு விட்டுட்டு வாறாக்கள் நிறைய. கம்பி பிரஷ்ஷால தேச்சிட்டு திரும்பச் சுத்துங்க. சுத்தி முடிய கைபிடிய பூட்டுற கொக்கி இருந்தா கட்டாயம் மாட்டுங்க. அதோட, கார்ட் வேன் பிரேக் அந்த வேனத்தான் பிடிக்கும், பின்னால உள்ள எல்லாத்தையும் பிடிக்காது.

மூண்டாவது, பல்சக்கரமும் நாக்கும் உள்ளது. அமெரிக்கா, கனடா வேகன்கள்ல இதுதான், சில்லச் சுத்த சங்கிலி இறுகும், நாக்கு பல்லுல விழுந்து பிடிக்கும், பக்கத்துல ஒரு ரிலீஸ் கைபிடி, அத ஒரு தட்டு தட்டினா முழு பிரேக்கும் ஒரே அடியில கழண்டிடும். வேலைக்கு வசதி, ஆபத்தும் அந்த வசதியிலதான். ஏணியில இறங்கேக்க சப்பாத்து பட்டாலும் கழரும். இந்த வகையில சுத்தி முடிய மூண்டு விசயம் பாருங்க: நாக்கு பல்லுக்கு அடிவரைக்கும் விழுந்திருக்கா, கைபிடி முழுசா பூட்டுற பக்கம் திரும்பியிருக்கா, சங்கிலி விறைப்பா இருக்கா. சங்கிலி தொய்ஞ்சு கிடந்தா மேல சில்லு எவ்வளவு இறுகினாலும் கீழ ஒண்டுமே பிடிக்கல எண்டுதான் அர்த்தம், அடியில எங்கயோ சிக்கியிருக்கும்.

5. லீவரப் பாக்காதீங்க, சில்லப் பாருங்க

லீவர் கீழ இருக்கிறது, பின் போட்டிருக்கிறது எல்லாம் மேல நடக்கிற கதை. டோர்ச் அடிச்சு ஒவ்வொரு பிரேக் கட்டையும் சில்லோட ஒட்டியிருக்கா எண்டு பாருங்க. வேகனுக்கு அடியில தலைய விட வேணாம், பக்கத்துல குனிஞ்சு பாத்தாலே தெரியும். பட்டும் படாமலும் நிக்கிற கட்டைக்கு நடுவால வெளிச்சம் தெரியும்.

கட்டை தேஞ்சு போன வேகன்ல லீவர் பட்டியின்ட அடியில போய் முட்டும், அதுக்கு மேல இறங்காது. கைக்கு நல்லா இறுகின மாதிரி இருக்கும், உண்மையில லீவர் இரும்புல முட்டி நிக்குது, கட்டை சில்லுல அமரல. அப்பிடி ஒண்டக் கண்டா அந்த வேகன பிரேக் போட்ட கணக்குல சேர்க்காம அடுத்த வேகனுக்குப் போடுங்க, பிழை அட்டையும் கட்டுங்க.

மலைநாட்டு இறக்கத்தால பிரேக் பிடிச்சுக்கொண்டே வந்த வேகனெண்டா இன்னொண்டு இருக்கு. சூடான சில்லு கொஞ்சம் விரிஞ்சு இருக்கும், ஆறேக்க சுருங்கும், சூட்டுல இறுக்கின பிரேக் ஆறின பிறகு அதே இறுக்கத்துல இருக்காது. ஆறின பிறகு ஒருக்காப் போய் திரும்ப இறுக்குங்க. இதத்தான் ஒருத்தரும் செய்யிறதில்ல, ஏனெண்டா அதுக்குள்ள ஆள் வீட்ட போயிருப்பார்.

6. மற்ற பிரேக் எல்லாத்தையும் விட்டுட்டு டெஸ்ட் பண்ணுங்க

இந்த வழிகாட்டியில ஒரு படிய மட்டும் ஞாபகம் வைக்க ஏலுமெண்டா இதயே வைங்க.

கனடாவுல 2013 ஜூலை 5 இரவு நான்ட் எண்ட ஊர்ல சரிவுல 72 எண்ணெய் வேகனோட ஒரு ரயில நிப்பாட்டினாங்க. 7 கை பிரேக் போட்டாங்க, டெஸ்டும் செய்தாங்க, ஆனா டெஸ்ட் செய்யேக்க எஞ்சின்ட சொந்த எயார் பிரேக் பிடிச்சுக்கொண்டுதான் இருந்துச்சு. ரயில் அசையல, சரி எண்டு போயிட்டாங்க. பிறகு எஞ்சின்ல தீப்பிடிச்சு, அணைக்க வந்தவங்க எஞ்சின நிப்பாட்ட, எயார் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு இறங்க, நடுச்சாமத்துக்குப் பிறகு ரயில் தானா வெளிக்கிட்டு லாக்-மெகான்டிக் ஊருக்குள்ள போய் கவிழ்ந்து 47 பேர் செத்தாங்க. விசாரணையில குறைஞ்சது 17 கை பிரேக், சிலவேளை 26 வரைக்கும் வேண்டியிருந்திருக்கும் எண்டு சொன்னாங்க. அந்த 7 பிரேக்கும் ரயிலப் பிடிச்சு நிக்கிறதாத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது, உண்மையில பெரும்பங்கு பிடி எஞ்சின்ட எயார்ல இருந்துச்சு.

அதால ஒழுங்கு இது. கை பிரேக் எல்லாம் போட்டு முடிய, ட்ரைவர்ட சொல்லி வேகன்கள்ட வெக்குவம் பிரேக்கயோ எயார் பிரேக்கயோ விடச் சொல்லுங்க. பிறகு எஞ்சின்ட சொந்த பிரேக்கயும் விடச் சொல்லுங்க. இப்ப கை பிரேக் மட்டும்தான் பிடிக்குது. ஒரு வேகன்ட சில்லுல சோக்கால தண்டவாளத்தோட சேர்த்து ஒரு கோடு போட்டுட்டு ரெண்டு மூண்டு நிமிசம் பாத்துக்கொண்டு நில்லுங்க, கோடு விலகினா காணாது. விலகல எண்டா எஞ்சினால மெதுவா சரிவுப் பக்கம் ஒரு தள்ளு தள்ளிப் பாக்கச் சொல்லுங்க, அப்பவும் நிண்டா சரி. நிக்காட்டி இன்னும் வேகனுக்கு பிரேக் போட்டுட்டு முழு டெஸ்டயும் முதல்ல இருந்து செய்யுங்க. போட்ட அதே பிரேக்க இன்னும் இறுக்கிப் பாக்கிறது பதில் இல்ல.

ட்ரைவர் அவசரப்படுவார், அது இயல்பு. கோச்சி பிந்தினதுக்கு விளக்கம் எழுதலாம், மற்றதுக்கு எழுதேலாது.

7. ஆப்பு

டெஸ்ட் முடிஞ்ச பிறகுதான் ஆப்பு. முந்தியே வெச்சா டெஸ்ட்ல நிக்கிறது பிரேக்கா ஆப்பா எண்டு தெரியாது.

தண்டவாளத்துக்குக் கல்லு வெச்சா காணும் எண்டு நினைக்கிறவங்க இண்டைக்கும் இருக்காங்க. 1889ல அயர்லாந்துல ஆர்மா பக்கம் ஏத்தத்துல நிண்ட ரயிலப் பிரிச்சு பின் பகுதிக்கு கல்லுதான் வெச்சாங்க, முன்பகுதி கொஞ்சம் பின்னால வந்து தட்டினவுடன சில்லு கல்ல நொறுக்கிக்கொண்டு இறங்கிச்சு, 80 பேரளவில செத்தாங்க. சரியா வெட்டின கட்டி மரம், ரெண்டு தண்டவாளத்துலயும், சில்லோட ஒட்டி, ரெண்டு அந்தத்துலயும் வைங்க. ஒரு தண்டவாளத்துல மட்டும் வெச்ச ஆப்ப சில்லு ஏறித் தாண்டிடும். கிறீஸ் பட்ட மரமும் மழையில ஊறி உப்பின மரமும் வேணாம். சங்கிலி இருந்தா சில்லையும் தண்டவாளத்தையும் சேர்த்துக் கட்டி ஆமைப்பூட்டு போடுங்க, திறப்பு யார்ட்ட எண்டு எழுதி வைங்க.

8. மற்ற ஆக்கள்ட கையில இருந்து காப்பாத்துறது

என்னைக் கேட்டா அதிர்வவிட ஆக்களாலதான் கூடக் கழரும். மூட்டை இறக்கிறவங்களுக்கு அந்த லீவர் கால் வைக்கிற படி. மருதானை, தெமட்டகொடப் பக்கம் லைனோட ஒட்டி வீடுகள் இருக்கு, பிள்ளைகளுக்கு வேகன் ஏறி விளையாடுற இடம். பழைய இரும்பு பொறுக்கிறவருக்குப் பின்னும் சங்கிலியும் காசு. இன்னொரு ஷண்டர் (வேகன பூட்டிக் கழட்டி இடம் மாத்துறவர்) வந்து தன்ட வேகன் எண்டு நினைச்சு நல்ல மனசோட கழட்டுவார், அதுதான் எல்லாத்தையும்விட மோசம், ஏனெண்டா அவர் கழட்டினா ஒழுங்காவே கழட்டுவார்.

லீவர் பிரேக்ல பின்னுக்கு மேலால கட்டுக் கம்பி சுத்தி முறுக்கி விடுங்க, கையால உடன இழுக்க ஏலாது. ரிலீஸ் கைபிடி உள்ளதுல கைபிடிய பக்கத்துல இருக்கிற சட்டத்தோட சேர்த்துப் பூட்டலாம், உங்கட இடத்துல அதுக்கு அனுமதி இருந்தா. வெக்குவம் வேகன்ல ரிலீஸ் கம்பி தொங்கிக்கொண்டு இருந்தா மேல சுருட்டி வைங்க. ரெண்டு அந்தத்து வேகன்லயும் அட்டை கட்டுங்க, சிங்களத்துலயும் தமிழ்லயும், பெரிய எழுத்துல: கை பிரேக் போட்டது, கழட்ட வேணாம், போட்ட நேரம், போட்டவர். ஒரு மொழியில மட்டும் எழுதி வெச்சு யார வாசிக்கச் சொல்றது?

9. லோட் ஏத்தி இறக்கின பிறகு திரும்பப் போங்க

பாரம் ஏறினா ஸ்பிரிங் அமரும், இறங்கினா வேகன் உடம்பு மேல எழும்பும். பழைய வேகன்கள்ல பிரேக் கட்டை உடம்புச் சட்டத்துல இருந்துதான் தொங்குது, சில்லு கீழ நிக்குது, அப்ப உடம்பு எழும்பேக்க கட்டை சில்லுல தொடுற இடமே மாறும். காலையில முழு எண்ணெயோட இறுக்கின டாங்கி பின்னேரம் வெறுமையா நிக்கேக்க அந்தப் பிடி அப்பிடியே இருக்கும் எண்டு நினைக்க வேணாம். கொலன்னாவப் பக்கம் எண்ணெய் இறக்கிற சைடிங்காகட்டும், சீமெந்து, மா இறக்கிற இடமாகட்டும், இறக்கி முடிஞ்சவுடன 5வது படிய முழுசாத் திரும்பச் செய்யுங்க. போர்க் லிஃப்ட் வேகன்ல இடிச்சாலும் அதே.

அடைமழைக்குப் பிறகும் ஒரு சுத்து போங்க. ஆப்பு நிண்ட இடத்துல தண்ணி ஓடி அது நகர்ந்திருக்கும்.

10. ஷிப்ட் மாறேக்க

வாயால சொல்லிட்டுப் போறது காணாது. எந்த லைன், எத்தின வேகன், எந்தெந்த நம்பர் வேகனுக்கு கை பிரேக், எங்க ஆப்பு, எத பிழை எண்டு ஒதுக்கினது, திறப்பு யார்ட்ட, இவ்வளவும் புத்தகத்துல. வாற ஆள் அத வாசிச்சிட்டு உங்களோட ஒருக்கா நடந்து பாத்து கையெழுத்து வைக்கணும். "எல்லாத்துக்கும் போட்டிருக்கு மச்சான்" எண்டா எல்லாத்துக்கும் போடல எண்டு எடுத்துக்கொள்ளுங்க.

11. எடுத்துக்கொண்டு போகேக்க

ஒழுங்கு அப்பிடியே தலைகீழ். முதல்ல எஞ்சின மாட்டி, பைப் பொருத்தி, வெக்குவமோ எயாரோ ஏறி, ட்ரைவர் பிரேக் பிடிச்சுக் காட்டின பிறகுதான் ஆப்ப எடுக்கிறது. அதுக்குப் பிறகு மேல்ப்பக்கத்துல இருந்து கீழ்ப்பக்கமா கை பிரேக் ஒவ்வொண்டாக் கழட்டுங்க. பின் இறுகி வராட்டி சுத்தியலால அடிக்க முந்தி லீவர கொஞ்சம் கீழ அமத்துங்க, பின் தானா வரும். லீவருக்கு நேர முகத்தக் குடுத்துக்கொண்டு நிக்க வேணாம், அது மேல எழும்புற வேகம் பல்லக் கழட்டும். புத்தகத்துல எழுதின எண்ணிக்கையும் கழட்டின எண்ணிக்கையும் ஒண்டா எண்டு பாருங்க, அட்டைகளையும் கழட்டி எடுங்க, பழைய அட்டையோட ஓடுற வேகனப் பாத்துப் பழகினா பிறகு ஒருத்தரும் அட்டைய நம்பமாட்டாங்க.

ட்ரைவர நடை வேகத்துல கொஞ்சத் தூரம் இழுக்கச் சொல்லிட்டு பக்கத்துல நிண்டு எல்லாச் சில்லும் சுத்துதா பாருங்க. கை பிரேக் விடுபட்ட வேகன்ட சில்லு சுத்தாம தண்டவாளத்துல இழுபடும், சத்தமே வேற மாதிரி இருக்கும், கொஞ்சத்துல கருகின மணமும் வரும். உடன நிப்பாட்டுங்க. அந்தச் சில்லுல தட்டை விழுந்திருக்கா எண்டு பரிசோதகர் பாத்து விடாம அந்த வேகன லைனுக்கு அனுப்ப வேணாம்.